கடைக்குப் போகுமுன் ஒரு பட்டியல்
(சிறிய கடல்நீர்த் தொட்டிக்கு உயிரினங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை)

தொட்டி வைத்தாயிற்று, உப்பு கரைத்தாயிற்று, பாறை அடுக்கியாயிற்று. தண்ணீரும் தெளிந்துவிட்டது. இனி மீன் வாங்க வேண்டியதுதானே என்று கை பரபரக்கும். புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூர் மீன் கடைத்தெருவில் ஒரு சுற்று சுற்றுவார்கள். கண்ணில் பட்ட நிறத்தையெல்லாம் கவரில் கட்டி வாங்கிவந்து, அன்று மாலையே தொட்டியில் விட்டுவிடுவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதி மீன் போய்விடும்.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதுதான்: எந்த மீனை வாங்குவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். கடையில் முடிவு செய்ய வேண்டியது, கண்ணெதிரே நீந்தும் அந்த ஒரு மீன் ஆரோக்கியமாக இருக்கிறதா என்பதை மட்டும்தான்.

இங்கே சொல்லும் கணக்கெல்லாம் 75 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள தொட்டிக்கானது. அதன் கொள்ளளவு 120 லிட்டர். பாறையும் மணலும் இடம் பிடித்தது போக, சுமார் 100 லிட்டர் தண்ணீர் நிற்கும். உங்கள் தொட்டி இதைவிடச் சிறியது என்றால் உயிரினங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். சற்றுப் பெரியது என்றாலும் எண்ணிக்கையை உடனே ஏற்ற வேண்டாம்.

முதலில்: தொட்டி தயாரா?

தண்ணீர் தெளிவாக இருப்பது வேறு, தயாராக இருப்பது வேறு. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேற வேண்டும். இதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும்.

1. மீன் இல்லாமலேயே தொட்டியைப் பழக்குங்கள். அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சேர்த்து அம்மோனியாவை 2 பி.பி.எம். அளவுக்குக் கொண்டுவாருங்கள்.
2. இரண்டு நாளுக்கு ஒருமுறை டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பார்த்து நோட்டில் குறியுங்கள்.
3. 2 பி.பி.எம். அம்மோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யமானால் தொட்டி தயார்.
4. பாதித் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டைக் குறையுங்கள்.

முதல் மீன் வருமுன் இருக்க வேண்டிய அளவுகள்:

• அம்மோனியா, நைட்ரைட்: 0
• நைட்ரேட்: 20 பி.பி.எம்.முக்குக் கீழ்
• உப்பு அடர்த்தி: 1.025 அருகே
• பி.எச்.: 8.1 முதல் 8.4 வரை
• வெப்பநிலை: 25 முதல் 27 டிகிரி செல்சியஸ்

குறிப்பு: சென்னையிலோ மதுரையிலோ மே மாதம் இந்த வெப்பநிலை தானாகக் கிடைக்காது. சில்லர் இல்லையென்றால், தண்ணீரின் மேற்பரப்பில் காற்று படும்படி சிறிய விசிறி ஒன்றை மாட்டுங்கள். இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். உப்பு ஆவியாகாது என்பதால் குறைந்த அளவை ஈடுகட்ட ஆர்.ஓ. நன்னீரை மட்டும் ஊற்றுங்கள், உப்புநீரை ஊற்றாதீர்கள். கோடையில் அறை 34 டிகிரிக்குப் போகும் வீட்டில் விசிறி போதாது. உயிரினம் வாங்கும் பணத்தை முதலில் சில்லருக்கு ஒதுக்குங்கள்.

சில கடைகளில், "ரெண்டு டொமினோ மீன் வாங்கிப் போடுங்க சார், தொட்டி தானா செட் ஆயிடும்" என்பார்கள். வேண்டாம். அந்த மீன்கள் அம்மோனியாவில் வதைபடும். தப்பிப் பிழைத்தால், முழுத் தொட்டியும் தமக்கே சொந்தம் என்று பின்னால் வரும் மீன்களை விரட்டி விரட்டிக் கடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் பட்டியல் போடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடல் உயிரினங்களுக்கும் பொருந்தும். 2001-இல் பல கடல் உயிரினங்கள் அதன் அட்டவணைகளில் சேர்க்கப்பட்டன. இந்தியக் கடலில் பிடிக்கவோ விற்கவோ வாங்கவோ கூடாதவற்றில் முக்கியமானவை:

• பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும்
• கருப்புப் பவளம், தீப்பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி
• கடல் குதிரை, அதன் குடும்பத்தைச் சேர்ந்த குழல் மீன்கள்
• கடல் அட்டைகள் அனைத்தும்
• ராட்சதச் சிப்பிகள், சிலவகைச் சங்குகள், நத்தைகள்

பவளம் செத்துக் காய்ந்தாலும் சட்டம் விடாது. 'லைவ் ராக்' என்ற பெயரில் கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லைக் காட்டினால் தொடாதீர்கள். பீங்கானிலோ சிமென்ட்டிலோ செய்த செயற்கைப் பாறை போதும். சில மாதங்களில் அதன் மேல் ஊதா நிறப் பாசி படர்ந்து, அசலிலிருந்து பிரித்தறிய முடியாதபடி ஆகிவிடும். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றியுள்ள மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்க அனுமதி இல்லை.

வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் கல்பவளங்கள் 'சைட்டிஸ்' என்னும் சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அப்படிப் பட்டியலில் உள்ளதை உயிருடன் வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். 'பேப்பர் எல்லாம் இருக்கு' என்று வாயால் சொல்வது செல்லாது. ரசீதையும் இறக்குமதி ஆவணத்தின் நகலையும் கையில் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பிறகு வாங்குங்கள். முதல் தொட்டிக்குக் கல்பவளமே வேண்டாம் என்பது என் யோசனை. சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, அதற்கு வேண்டிய கால்சியம், காரத்தன்மை, வெளிச்சம் எல்லாவற்றையும் ஒரே சீராக வைத்திருக்கப் புதியவரால் எளிதில் முடியாது.

பட்டியல் எழுதும் முறை

ஒரு தாளை எடுத்து ஐந்து பத்தி போடுங்கள். பிடித்த ஒவ்வொரு உயிரினத்துக்கும் இந்த ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

1. முழு வளர்ச்சியில் எத்தனை செ.மீ.? கடையில் இருப்பது குட்டி. 100 லிட்டருக்கு 10 செ.மீ.க்கு மேல் வளரும் எதுவும் வேண்டாம்.
2. என்ன சாப்பிடும்? குருணைத் தீனியும் உறைந்த இறால் தீனியும் எடுத்துக்கொள்ளுமா, அல்லது உயிர் இரையே வேண்டுமா?
3. குணம் எப்படி? தன் இனத்தோடு சண்டையா, எல்லாரோடுமா? ஒதுங்கி வாழுமா?
4. தொட்டியின் எந்தப் பகுதியில் இருக்கும்? மணலிலா, பாறை இடுக்கிலா, நடுநீரிலா? எல்லாரும் ஒரே இடத்துக்குப் போட்டி போட்டால் சண்டை நிச்சயம்.
5. பண்ணையில் வளர்ந்ததா, கடலில் பிடித்ததா?

ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றாலும் அந்தப் பெயரை ஒத்திவையுங்கள். எல்லாப் பதிலும் கிடைத்த பெயர்களிலிருந்து நான்கு மீன்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். ஆம், நான்குதான். நன்னீர்த் தொட்டியில் இதே இடத்தில் இருபது மீன் வளர்த்தவருக்கு இது கஞ்சத்தனமாகத் தெரியும். ஆனால் கடல்நீரில் கரையும் ஆக்சிஜன் நன்னீரைவிடக் குறைவு. பி.எச். அதிகம் என்பதால் அம்மோனியாவின் விஷமும் அதிகம். பவளப்பாறை மீன்கள் எல்லை வகுத்து வாழ்பவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு மீனுக்குள் அடங்கும் நல்ல தேர்வுகள்

கோமாளி மீன். ஓசெல்லாரிஸ், பெர்குலா என்ற இரண்டு இனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 8 அல்லது 9 செ.மீ. வளரும். எந்தத் தீனியும் தின்னும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்தாண்டுக்கு மேல் வாழும். இவை எல்லாமே ஆணாகப் பிறப்பவை. கூட்டத்தில் பெரியது, வலுவானது பெண்ணாக மாறும். அதனால் ஜோடி சேர்க்க எளிய வழி: ஒன்று பெரியதாக, ஒன்று தெளிவாகச் சிறியதாக இரண்டு குட்டிகளை ஒரே நாளில் வாங்குங்கள். சிறியது பெரியதன் முன்னால் உடலைக் குலுக்கினால் பணிந்துவிட்டது என்று பொருள், ஜோடி சேர்ந்துவிடும். மூன்றாவது வாங்கினால் அதை மற்ற இரண்டும் கொன்றுவிடும். இரண்டு இனங்களைக் கலக்காதீர்கள். மரூன் கோமாளி பெரிதாக வளரும், மூர்க்கமானது, வேண்டாம். நம் கடலில் உள்ள செபே கோமாளியும் 10 செ.மீ.யைத் தாண்டும் என்பதால் இந்தத் தொட்டிக்குச் சற்றுப் பெரிது.

கோமாளி மீன்களை வளர்ப்புத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் நம் நாட்டிலேயே செய்து காட்டியிருக்கின்றன. ஆகவே பண்ணைக் குட்டி கேட்டு வாங்குவது நடக்காத காரியம் அல்ல. பண்ணைக் குட்டிக்குத் தொட்டி வாழ்க்கை புதிதல்ல, குருணைத் தீனியும் பழக்கம், நோயும் குறைவு.

மஞ்சள் காவல் கோபி. 8 செ.மீ. அளவு. மணலோடு ஒட்டி வாழும். இதோடு ஒரு பிஸ்டல் இறாலையும் சேர்த்து வாங்கினால், பார்க்கச் சலிக்காத காட்சி ஒன்று கிடைக்கும். இறாலுக்குப் பார்வை மந்தம். அது புல்டோசர்போல மணலை வாரி வாரி வெளியே தள்ளி வளை தோண்டும். வாசலில் கோபி காவல் நிற்கும். வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் மீசை ஒன்றைக் கோபியின் மேல் வைத்தபடியே இருக்கும். ஆபத்து என்றால் கோபி வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கும். அடுத்த கணம் இரண்டும் வளைக்குள். இந்த ஜோடிக்கு 5 செ.மீ. ஆழ மணலும், அதில் சில சிறு கற்களும் வேண்டும். பெரிய பாறைகளை மணலின் மேல் வைக்காமல் தொட்டியின் அடிக்கண்ணாடியிலேயே நேரடியாக அமர்த்துங்கள். இல்லாவிட்டால் இறால் அடியில் தோண்டும்போது பாறை சரிந்துவிடும்.

டெயில்ஸ்பாட் பிளென்னி. 6 செ.மீ.தான் வளரும். பாறைத் துளைக்குள் உட்கார்ந்து கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டிருக்கும். பாசியைக் கொறிக்கும், தீனியும் எடுக்கும். இதைப்போலவே தோன்றும் 'லான்மோவர்' பிளென்னி 13 செ.மீ.க்கு வளர்வது. பாசி நிறைந்த பெரிய தொட்டிக்கு ஏற்றது அது; இங்கே பட்டினி கிடக்கும்.

ஃபயர்ஃபிஷ். வெள்ளை முன்னுடல், சிவந்த வால், கொடிக்கம்பம்போல் நிமிர்ந்த முதுகுத் துடுப்பு. 9 செ.மீ. வளரும், சாது. ஒரே குறை, எகிறிக் குதிக்கும். தொட்டிக்கு வலை மூடி இல்லையென்றால் காலையில் தரையில்தான் கண்டெடுப்பீர்கள். ஒன்று மட்டும் வாங்குங்கள்; இரண்டு விட்டால் பெரும்பாலும் ஒன்று மற்றதை விரட்டும்.

பாங்காய் கார்டினல். ஃபயர்ஃபிஷுக்கு மாற்று. இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளில் மட்டும் இயற்கையாக வாழும் இந்த மீன், வியாபாரத்துக்காக அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு அழியும் நிலைக்கு வந்தது. பண்ணையில் எளிதாகப் பெருகும். ஆண் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் குஞ்சு பொரிக்கும். பண்ணையில் பிறந்தது என்று உறுதியானால் மட்டும் வாங்குங்கள்.

அழகாக இருந்தாலும் வேண்டாதவை

• நீல டாங். 'டோரி' படத்தால் பிரபலமானது. 30 செ.மீ. வரை வளரும், நீந்த நீண்ட தூரம் வேண்டும்.
• பவுடர் புளூ டாங். இந்தியப் பெருங்கடல் மீன் என்பதால் நம் கடைகளில் அடிக்கடி தென்படும். பெரிதாக வளரும், வெண்புள்ளி நோய் முதலில் தாக்குவது இதைத்தான்.
• மாண்டரின். ஓவியம்போல் இருக்கும். நாள் முழுக்கப் பாறையில் ஊரும் நுண்ணிய கோபேபாடுகளைக் கொத்தித் தின்னும். 100 லிட்டர் தொட்டியால் அவ்வளவு இரை தர முடியாது. ஒரு மாதத்தில் வயிறு ஒட்டிச் செத்துவிடும்.
• வண்ணத்துப்பூச்சி மீன்கள். பல இனங்கள் பவளத்தையே தின்பவை.
• மூரிஷ் ஐடல். தொட்டியில் தீனியே எடுக்காமல் கிடப்பது இதன் வழக்கம்.
• கிளாத்தி, பேத்தை. நண்டு, இறால், நத்தை எதையும் மிச்சம் வைக்காது.
• சிங்க மீன். முதுகு முள்ளில் விஷம். வாயில் அடங்கும் மீன் எல்லாம் அதற்கு இரை.
• துப்புரவு ராஸ். மற்ற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழ்வது. நான்கு மீனை வைத்து அதன் வயிறு நிறையாது.
• டொமினோ, மூன்று கோடு டாம்செல். விலை மலிவு, குணம் முரட்டுத்தனம். ஒருமுறை பாறைக்குள் புகுந்தால், மொத்தப் பாறையையும் பிரித்தால்தான் பிடிக்க முடியும்.

மீன் அல்லாதவை

துப்புரவுக் குழு. 100 லிட்டருக்கு 6 முதல் 8 நத்தைகளும் 2 அல்லது 3 சிறு துறவி நண்டுகளும் போதும். கண்ணாடிக்கும் பாறைக்கும் டர்போ, மணலுக்கு நசாரியஸ். 'டஜன் கணக்கில் போடுங்க' என்று சொல்லும் பேச்சைக் கேட்டால், பாசி தீர்ந்ததும் அவை பட்டினியில் செத்து அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். துறவி நண்டுகள் வளரும்போது பெரிய ஓடு தேடும். கிடைக்காவிட்டால் நத்தையைக் கொன்று ஓட்டைப் பறிக்கும். கடையிலேயே சில காலி ஓடுகளைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

துப்புரவு இறால். சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு. ஒன்று அல்லது இரண்டு போதும். ஒருநாள் காலையில் மணலில் அசையாமல் கிடக்கும் இறாலைப் பார்த்துப் பதறாதீர்கள். அது தோல் உரித்துப் போட்ட சட்டையாக இருக்கலாம். உரியவர் ஏதாவது பாறை இடுக்கில், புது ஓடு கெட்டிப்படும்வரை ஒளிந்திருப்பார். சட்டையை எடுக்காமல் விட்டுவிடுங்கள்.

பெப்பர்மின்ட் இறால். கண்ணாடி அனிமோன் என்னும் தொல்லை உயிரினத்தைத் தின்னும். இதைக் கேட்டால் ஒட்டக இறாலை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஒட்டக இறாலுக்கு முதுகில் திமில்போல மேடும், உடலில் பளிச்சென்ற வெள்ளைக் கோடுகளும் உண்டு. அது பவளத்தைத் தின்னும். பெப்பர்மின்ட்டின் உடலில் மங்கலான சிவப்புக் கோடுகள் மட்டுமே இருக்கும்.

கடற்சாமந்தி. கோமாளி மீன் இருந்தால் கடற்சாமந்தியும் இருந்தாக வேண்டும் என்று நினைப்பவர்கள் பலர். அவசியமே இல்லை. பண்ணைக் கோமாளிகள் அது இல்லாமலே நலமாக வாழும். கடற்சாமந்திக்குக் கடும் வெளிச்சமும் ஆறு மாதத்துக்கு மேல் முதிர்ந்த தொட்டியும் வேண்டும். பிடிக்காத இடத்தில் நிற்காது. இரவில் நகர்ந்து போய்ப் பம்ப்பில் சிக்கிக் கிழிந்து, ஒரே நாளில் தொட்டி முழுவதையும் நாசமாக்கும். முதல் வருடம் வேண்டாம்.

மென்பவளங்கள். தொட்டி மூன்று மாதம் நிலையாக இருந்த பிறகு தொடங்குங்கள். மஷ்ரூம் பவளத்தை அடியில், வெளிச்சம் குறைந்த இடத்தில் வையுங்கள். சோவாந்திட் நடுமட்டத்தில் வளரும். தோல்பவளம் மேல் பாறையில், நீரோட்டம் வரும் இடத்தில் நிற்க வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் இடையில் குறைந்தது 10 செ.மீ. விடுங்கள். தோல்பவளம் சில சமயம் வாரக்கணக்கில் மூடிக்கொண்டு, மேலே மெழுகு பூசியதுபோல் பளபளக்கும். பழைய தோலை உதிர்க்கிறது, அவ்வளவுதான். அதன்மேல் நீரோட்டம் படும்படி பவர்ஹெட்டைத் திருப்புங்கள். அக்கம்பக்கத்துப் பவளங்களை ஒடுக்கும் வேதிப்பொருளை இது தண்ணீரில் விடும் என்பதால், பில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பை வைத்திருங்கள். சீனியா அழகாகக் கைதட்டும். ஆனால் களைபோல் பரவும். தனிக் கல் ஒன்றில் வைத்து, மற்ற பாறைகளைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யார் எப்போது: குடியேற்ற வரிசை

1. முதல் வாரம்: 4 நத்தைகள், 2 துறவி நண்டுகள். பழுப்பு நிறத் தூள்பாசி தொட்டி முழுக்கப் படிவதைக் கண்டு கலங்க வேண்டாம். புதுத் தொட்டியில் அது வந்துதான் போகும்.
2. மூன்றாவது வாரம்: கோபியும் பிஸ்டல் இறாலும், அல்லது ஃபயர்ஃபிஷ். சாதுவான மீன் முதலில் வந்து இடம் பிடிக்கட்டும்.
3. ஆறாவது வாரம்: பிளென்னி அல்லது மீதமுள்ள சாது மீன்.
4. எட்டாவது வாரம்: துப்புரவு இறால், மீதி நத்தைகள்.
5. பத்தாவது வாரம்: கோமாளி ஜோடி. எல்லை காக்கும் குணம் உள்ளவை கடைசியில் வர வேண்டும்.
6. மூன்றாவது மாதத்துக்குப் பின்: மஷ்ரூமில் தொடங்கி ஒவ்வொரு பவளமாக.

ஒவ்வொரு சேர்க்கைக்கும் பிறகு ஒரு வாரம் அம்மோனியாவைப் பாருங்கள். 0-ஐத் தாண்டினால் அடுத்த வாங்கலைத் தள்ளிவையுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

அடுத்தடுத்த இரண்டு வாரம் அதே கடைக்குப் போங்கள். முதல் வாரம் பார்க்க மட்டும்.

1. மீன் எப்போது வந்தது என்று கேளுங்கள். 10 நாளாவது கடையில் இருந்ததாக இருக்க வேண்டும். நேற்று லோடு வந்ததை இன்று வாங்காதீர்கள்.
2. தொட்டிக்கு முன்னால் இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். செவுள் மூடி எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று கவனியுங்கள். அருகிலிருக்கும் மற்ற மீன்களைவிட வேகமாக மூச்சு வாங்கினாலோ, ஒரு பக்கச் செவுள் மட்டும் அசைந்தாலோ வேண்டாம்.
3. வயிறும் கண்ணுக்கு மேல் முதுகும் பாருங்கள். ஒட்டிப்போன வயிறும் கத்தி முனைபோல் மெலிந்த முதுகும் பட்டினியின் அடையாளம்.
4. உடலில் உப்புத்தூள்போல் வெண்புள்ளி, கண்ணில் மங்கல், துடுப்பில் கிழிசல், கோமாளி மீனில் பால்போன்ற சளி, இவற்றில் ஏதாவது இருந்தால் அந்தத் தொட்டியில் உள்ள எந்த மீனையும் வாங்காதீர்கள்.
5. பாறையில் உடலைத் தேய்த்துக்கொள்கிறதா?
6. 'கொஞ்சம் தீனி போடுங்க அண்ணா, பார்க்கலாம்' என்று கேளுங்கள். மீன் உங்கள் கண்ணெதிரே தின்ன வேண்டும். கடைக்காரர் மறுத்தால் அதுவே பதில்.
7. தொட்டித் தண்ணீரில் தாமிர மருந்து போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அந்த நீரில் இருந்த நத்தை, இறால் வேண்டாம்.

தென்கிழக்கு ஆசியாவின் சில பகுதிகளில் சயனைடு தெளித்து மீன் பிடிக்கும் பழக்கம் இருக்கிறது. அப்படிப் பிடித்த மீன் கடையில் நன்றாகத் தீனி தின்னும். சில வாரத்தில் காரணமே தெரியாமல் சாகும். பார்வையில் கண்டுபிடிக்க முடியாது. பண்ணை மீனைக் கேட்பதற்கு இதுவே போதுமான காரணம்.

தனிமைத் தொட்டி

வெண்புள்ளி நோய் உங்கள் தொட்டிக்குள் ஒருமுறை நுழைந்தால், எல்லா மீனையும் வெளியே எடுத்து 76 நாள் தொட்டியை மீன் இல்லாமல் வைத்தால்தான் ஒட்டுண்ணி ஒழியும் என்பது வளர்ப்பவர்கள் பின்பற்றும் கணக்கு. அதற்கு இது எவ்வளவோ மேல்:

1. 40 லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஸ்பாஞ்ச் பில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு துண்டு பி.வி.சி. குழாய். மணலும் பாறையும் வேண்டாம்.
2. ஸ்பாஞ்சை முன்கூட்டியே பெரிய தொட்டியில் ஒரு மாதம் ஊறவையுங்கள். பாக்டீரியா அதில் ஏறட்டும்.
3. ஒவ்வொரு புது மீனையும் நான்கு வாரம் இதில் வையுங்கள். தாமிர மருந்து தேவைப்பட்டால் இங்கேயே பயன்படுத்துங்கள். பெரிய தொட்டியில் ஒருபோதும் போடாதீர்கள். தாமிரம் இறாலையும் நத்தையையும் கொல்லும்.
4. இந்தத் தொட்டியின் வலை, குழாய், வாளி எதையும் பெரிய தொட்டியில் தோய்க்காதீர்கள்.

தனிமை வைக்கும் நாட்களையும் சேர்த்தே மேலே சொன்ன வரிசையைத் திட்டமிடுங்கள். ஆறாவது வாரம் தொட்டிக்குள் வர வேண்டிய மீனை இரண்டாவது வாரமே வாங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும்

1. தொட்டி விளக்கை அணையுங்கள். மூடிய கவரைத் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிடுங்கள்.
2. மீனை அதன் தண்ணீரோடு சுத்தமான வாளியில் ஊற்றுங்கள்.
3. காற்றுக்குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை விநாடிக்கு இரண்டு மூன்று சொட்டாக வாளிக்குள் விடுங்கள். மீனுக்கு 45 நிமிடம். இறாலுக்கு உப்பு மாற்றம் தாங்காது. ஒன்றரை மணி நேரம் கொடுங்கள்.
4. கையால் அல்லது கோப்பையால் எடுத்து மீனை மட்டும் விடுங்கள். வாளித் தண்ணீரைக் கழிவில் ஊற்றுங்கள்.
5. அன்று தீனி வேண்டாம். மறுநாள் சிறிது போதும்.

கவனம்: வெளியூரிலிருந்து பார்சலில் ஒரு நாளுக்கு மேல் கவரிலேயே வந்த மீனுக்குச் சொட்டு முறை ஆபத்து. கவரைத் திறந்ததும் உள்ளிருந்த கரியமில வாயு வெளியேறி பி.எச். ஏறும், தேங்கிய அம்மோனியா சட்டென்று விஷமாகும். அனுப்புபவரிடம் உப்பு அடர்த்தியை முன்பே கேட்டு, தனிமைத் தொட்டியை அதே அளவில் வைத்துக்கொண்டு, வெப்பநிலை சமமானதும் உடனே மாற்றுங்கள்.

உங்கள் பாதுகாப்பு

• சோவாந்திட் பவளங்களில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டவோ உரசவோ கூடாது. அது ஒட்டிய கல்லை வெந்நீரில் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யவே கூடாது, ஆவியே ஆபத்து.
• கையில் காயம் இருக்கும்போது தொட்டிக்குள் கைவிடாதீர்கள். தண்ணீரிலுள்ள ஒருவகை மைக்கோபாக்டீரியா தோலில் ஆறாத புண்ணை உண்டாக்கும். அப்படி ஆனால் மருத்துவரிடம் மீன் தொட்டி இருப்பதைச் சொல்லுங்கள்.
• கடற்கரையில் கண்ட உயிருள்ள கூம்புச் சங்கைத் தொடாதீர்கள். அதன் கொட்டு உயிரைப் பறிக்கக்கூடியது.
• எல்லா வயர்களையும் ப்ளக் பாயின்ட்டுக்குக் கீழே தொங்கி மேலேறும்படி அமையுங்கள். வழியும் நீர் ப்ளக்கிற்குள் போகாது. சுற்றில் கசிவு மின்தடுப்பான் கட்டாயம் வேண்டும். கை விடுமுன் ஸ்விட்சை அணையுங்கள்.
• மின்வெட்டுக்கு பேட்டரி காற்றுப் பம்ப் ஒன்று எப்போதும் சார்ஜில் இருக்கட்டும்.
• வேண்டாத உயிரினம் எதையும் கடலில் விடாதீர்கள். கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு விதி. பட்டியலில் உள்ள நான்கு மீனும் வந்து சேர்ந்ததும் தாளின் அடியில் ஒரு கோடு போட்டுத் தேதியை எழுதுங்கள். அடுத்த ஆறு மாதத்துக்கு, மீன் ஒன்று செத்தால் மட்டும் அதற்கு மாற்று வாங்கலாம். அதுவும் ஏன் செத்தது என்பது தெரிந்த பிறகு. கடையில் புது லோடு வந்திருக்கிறது என்று போன் வந்தால், போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புங்கள். மிஞ்சிய பணத்தில் நல்ல உப்பும் டெஸ்ட் கிட்டும் வாங்கலாம்.